ஆறாவது இருக்கை

மேற்குக் கான்சாஸில் ஒரு பண்ணை வீட்டில் விமானம் வாங்குகிறார்கள் என்றால் யாரும் வாயைப் பிளப்பதில்லை. கோதுமை வயலுக்குப் பின்னால் புல்லை வெட்டிவிட்டால் ஓடுபாதை தயார். மோதுவதற்கு மலையா இருக்கிறது, மரமா இருக்கிறது? எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் இரட்டைக் கோபுரம் ஒன்றுதான். அதில் மோதினால் விமானத்தைவிடச் சாமியாருக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அதனால் லைக்கர் வீட்டில் விமானம் வாங்கப்போகிறார்கள் என்ற செய்தி எங்களுக்குப் பெரிதில்லை. எந்த விமானம் என்று தீர்மானிக்கப்போவது தான்தான் என்று லைனஸ் லைக்கர் நினைத்துக்கொண்டிருந்தானே, அதுதான் ஊருக்கு வேடிக்கை. அந்த வீட்டில் பறக்கத் தெரிந்தவள் அவன் பெண்டாட்டி அல்வினா.

நான் பக்கத்துப் பண்ணைக்காரன், இசிடோர். எனக்குப் பறக்கிற ஆசை கிடையாது. விமானம் விற்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. இருந்தாலும் இந்தக் கதையில் நன்றாக மாட்டிக்கொண்டவன் நான், ஆகவே சொல்லுகிற உரிமையும் எனக்குத்தான்.

அல்வினா பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அறுப்புக் காலத்தில் தானிய லாரி ஓட்டினாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, வயலுக்கு மருந்தடிக்க வந்த விமானியிடம் போய், "இதை ஓட்டறதுக்கு லாரியை விட அதிகமா என்ன தெரியணும்?" என்று கேட்டாள். அந்த ஆள் சிரித்தான். கோடை முடிவதற்குள் அவளைத் தனியே பறக்கவிட்டான். முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கினால் வாத்தியார் மாணவனின் சட்டை முதுகைக் கத்தரித்து எடுத்துக்கொள்வது வழக்கம். இவள் அன்றைக்கென்று பூசைக்குப் போட்டுப்போகிற சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். "வெட்டுங்க, வெட்டுங்க. கையில ஏன் நடுக்கம்? நான்தானே பறந்தேன்!" என்றாளாம். அதன் பிறகு வாடகை விமானம் கிடைத்தபோதெல்லாம் பறந்தாள். சொந்த விமானத்துக்கு மூன்றாவது பிள்ளை வளரும்வரை பொறுக்க வேண்டியிருந்தது.

அவர்களுடையது பால் பண்ணை. மாடு வைத்திருப்பவனுக்கு ஊர் சுற்றுகிற விதி இல்லை. காலையில் கறக்க வேண்டும், சாயங்காலம் கறக்க வேண்டும், கிறிஸ்துமஸ் அன்றும் கறக்க வேண்டும். கொலராடோ மலைக்குக் காரில் போக ஒரு பகல், வர ஒரு பகல். விமானத்தில் இரண்டரை மணி நேரம். சனிக்கிழமை காலைக் கறவையை முடித்துவிட்டுக் கிளம்பி ஞாயிறு சாயங்காலக் கறவைக்குத் திரும்பிவிடலாம் என்பது அல்வினாவின் திட்டம்.

அவள் மனதில் வேறொன்றும் இருந்தது. லைனஸின் தம்பி அலோய்ஸ் அவர்களோடுதான் இருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆள் மலை மாதிரி, குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. குடும்பம் எங்கே போனாலும் அலோய்ஸ் கொட்டகையில் நின்றுவிடுவான். அண்ணன் கல்யாணத்தன்றே பூசை முடிந்ததும் விருந்துக்கு நிற்காமல் மாட்டைப் பார்க்க ஓடியவன். "பால் கறக்க ஆள் வேணுமில்ல" என்பான், அவ்வளவுதான். நீயும் வா என்று யாரும் அழுத்திச் சொன்னதில்லை. அவனுக்கு மலை பார்க்க ஆசை. தீவனக் கம்பெனிக்காரன் கொடுக்கிற நாட்காட்டியில் மலைப்படம் வந்தால் அந்தத் தாளை மட்டும் கிழிக்கமாட்டான். இதைக் கவனித்தவள் அந்த வீட்டில் அல்வினா ஒருத்திதான்.

விச்சிட்டாவில் விமானம் பார்க்கப் போனார்கள். லைனஸுக்கு ஒரு நாலு இருக்கை விமானம் பிடித்துப்போயிற்று. சக்கரம் உள்ளே மடங்கும், மூக்கு கூர்மை, தோல் இருக்கை. உள்ளே உட்கார்ந்தவன் இறங்கவே மாட்டேன் என்கிறான்.

"பின்னாடி சின்னப் பலகை ஒண்ணு போட்டா ட்வைலாவும் உக்காந்துக்கலாம்" என்று விற்பனைக்காரன் எடுத்துக்கொடுத்தான். ட்வைலா கடைக்குட்டி, ஒன்பது வயது.

"அஞ்சு பேர் ஏறினப்புறம் டேங்கை நிரப்ப முடியுமா?" என்று கேட்டாள் அல்வினா.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "பாதி நிரப்பிக்கலாம் மேடம்."

"பாதி டேங்க்ல எங்க போறது? பக்கத்து ஊர் சந்தைக்கா?"

"எல்லாருமே எப்பவும் ஒண்ணாப் போறதில்லையே மேடம். யாராவது ஒருத்தர் வீட்ல நிப்பாங்க, வழக்கம்தானே."

அவன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அல்வினா நேராக விமானக் கொட்டகையின் பின்பக்கம் போனாள். அங்கே ஆறு இருக்கை விமானம் ஒன்று நின்றது. ஒரு காலத்தில் தபால் மூட்டை சுமந்தது, வயிற்றில் பெயின்ட் உரிந்திருந்தது, சக்கரம் மடங்காது, பின்பக்கம் அலமாரிக் கதவு மாதிரி இரட்டைக் கதவு. இஞ்சின் மட்டும் நல்ல இஞ்சின்.

"இது விமானமா? றெக்கை வச்ச வேன்" என்றான் லைனஸ்.

"வேன்தான் வேணும். நாம ஆறு பேர்."

"ஆறா? அலோய்ஸ் எங்க வரப்போறான்?"

"கேட்டீங்களா அவனை?"

லைனஸ் மறுபடி அந்த நாலு இருக்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கெட்டவன் இல்லை அவன். தம்பி அங்கேயே இருப்பான் என்பது அவனுக்குக் கிழக்கே சூரியன் உதிப்பது மாதிரி. அதை யாராவது கேட்பார்களா?

அடுத்த வாரம் விற்பனைக்காரன் அந்த வேனை லைக்கர் வீட்டு மேய்ச்சல் நிலத்திலேயே கொண்டுவந்து இறக்கினான். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். கொட்டகையிலிருந்து அலோய்ஸ் கை துடைத்துக்கொண்டு வந்தான். விற்பனைக்காரன் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெரிய நகைச்சுவை சொல்வதாக நினைத்துக்கொண்டு, "இவரும் வர்றாருன்னா மலைப்பக்கம் மறந்துடுங்க. தரையை விட்டே கிளம்பாது" என்றான். அலோய்ஸும் கூடச் சேர்ந்து சிரித்தான். எனக்கு அந்த ஆளை அங்கேயே சாணிக்குழியில் தள்ளலாம் போலிருந்தது.

"எடை போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன். தேறலன்னா வாங்கல" என்றாள் அல்வினா.

எடை போடுவது என்றால் லேசா? எங்கள் ஊரில் சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட எடையை உண்மையாகச் சொல்லமாட்டார்கள். லைனஸ் பட்டாளத்தில் இருந்தபோது போட்ட எடையை இன்னும் சொல்லிக்கொண்டிருந்தான். மூத்த மகள் மார்டெல்லுக்குப் பதினாலு வயது, கேட்டாலே அழுவாள். அலோய்ஸுக்கோ வீட்டுத் தராசில் முள் சுற்றி வந்து நின்றுவிடும். அல்வினா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆறு பேரையும் பெட்டி படுக்கையோடு கூட்டுறவுக் கிடங்குக்குக் கூட்டிப்போய், கோதுமை லாரி நிறுக்கிற எடைமேடையில் மொத்தமாக நிறுத்தினாள். மொத்தம்தான் தெரியும். தனித்தனியாக யார் எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கிடங்கு ஆள் ஜெரோம் ஜன்னலிலிருந்து ஒலிபெருக்கியில் கத்தினான். "அல்வினா, கோதுமை மாதிரி ஈரப்பதமும் பாக்கணுமா? நல்ல வெலை தர்றேன்!"

"தூசி தும்பு கழிக்காம எடையைச் சொல்லுங்க ஜெரோம்ண்ணே!"

லாரிகளோடு வரிசையில் நின்ற ஆட்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடுப்பையன் டுவேன் வெட்கத்தில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். ட்வைலா ஒற்றைக்காலில் நின்று, "இப்ப நான் பாதியா?" என்று கேட்டாள். ஜெரோம் எண்ணைச் சொன்னான். அல்வினா பயந்ததைவிட ரொம்பக் குறைவாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே அந்த வேனை வாங்கிவிட்டாள்.

அதன் பிறகு என் வீட்டுக்கு வந்தாள். கையில் சூடாக ஒரு தட்டு பீரோக். கோசும் கறியும் உள்ளே வைத்து அவள் சுடுகிற அந்த ரொட்டியைக் காட்டினால் நான் எதற்கும் தலையாட்டுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, சனிக்கிழமை சாயங்காலமும் ஞாயித்துக்கிழமை காலையும் நம்ம மாட்டை நீங்க கறக்கணும்."

"அலோய்ஸ் எங்க போறான்?"

"மலைக்கு."

"அவனுக்குத் தெரியுமா?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி சொல்லிக்கலாம்."

சொன்னாள். அவன் நூறு காரணம் சொன்னான். சிவப்பு மாடு அடுத்தவன் கை பட்டால் உதைக்கும் என்றான், மெஷின் குழாய் ஒழுகுகிறது என்றான். அல்வினா அவன் பெட்டியை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள். காலையில் நடு வரிசையில் அவனை உட்காரவைத்து, இடுப்புப் பட்டையைக் கடைசிவரை தளர்த்திப் பூட்டியும் விட்டாள். லைனஸ் முன்னால், பிள்ளைகள் மற்ற இடங்களில். ஓடுபாதையில் வண்டி அவள் நினைத்த இடத்தைத் தாண்டி வெகுதூரம் ஓடித்தான் எழும்பியது. அவள் புருவம் சுருங்கியதை லைனஸ் பார்த்தானாம். புல் வளர்ந்துவிட்டது, அதுதான் இழுக்கிறது என்று அவள் அப்போது நினைத்துக்கொண்டாள்.

மலைக்கு நடுவே ஒரு சின்ன ஊரில் இறங்கினார்கள். அலோய்ஸ் அன்று முழுக்க அண்ணாந்து பார்த்தபடியே நடந்து இரண்டு பேர்மேல் மோதினானாம். "நாட்காட்டில இருக்கறதை விடப் பெருசு" என்று மட்டும் சொன்னானாம்.

தப்பு நடந்தது ஞாயிற்றுக்கிழமை. மலையூர் விமானிகள் சனிக்கிழமை சாயங்காலமே பூசை பார்த்துவிட்டு, ஞாயிறு விடிகிற குளிர்ச்சியில் கிளம்பிவிடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கோ சனிக்கிழமை பூசை பூசையே இல்லை. ஞாயிறு காலைப் பாட்டுப் பூசை, பிறகு கோயில் மண்டபத்தில் காப்பி, பிறகு சாமியாரிடம் நாலு வார்த்தை. ஆக இவர்கள் விமானத்தடிக்கு வந்தபோது சூரியன் உச்சியில் நின்றது. பெட்ரோல் போடுகிற கிழவர் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"சமவெளிக்காரங்களா?" என்று கேட்டார்.

"எப்படித் தெரியும்?" என்றான் லைனஸ்.

"இந்த வெயில்ல மூட்டை முடிச்சோட கிளம்ப வர்றவங்க வேற யாரு? ஒசரத்துல காத்து மெலிசு தம்பி. சூடேறினா இன்னும் மெலிசு. றெக்கைக்குப் பிடிமானம் கிடைக்காது."

அல்வினாவுக்குத் தெரியாததில்லை. எடைமேடை எண்ணை வைத்து மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தாங்கும், ஆனால் நெருக்கம். அப்போதுதான் முந்தின நாள் சொந்த ஓடுபாதையில் வண்டி ஓடின தூரம் நினைவுக்கு வந்தது. புல்லை அவளே அந்த வாரம் வெட்டியிருந்தாள். ஏறப்போனவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வண்டி பொய் சொல்லாது. அப்ப நம்மள்ல யாரோ பொய் சொல்லியிருக்கோம். எடைமேடையில இல்லாத சாமான் எது உள்ள இருக்கு? சொல்லுங்க."

முதலில் ட்வைலா பையைத் திறந்தாள். ஆற்றில் பொறுக்கின கூழாங்கல். "அழகா இருந்துச்சும்மா." மார்டெல் பெரிய அழகுசாதனப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். டுவேன் மலையூர்க் கடையில் வாங்கின இரும்பு எடைக்கட்டை இரண்டை இறக்கினான், கை பலப்படுத்தவாம். லைனஸ் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி பீர் எடுத்துத் தரையில் வைத்தான்.

"உங்களையும் நான்தான் வளக்கணுமா?" என்றாள் அல்வினா. ஆனால் குவியலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "இது பத்தாது. கல்லும் கட்டையும் இங்க வந்து சேந்தது. நேத்து நம்ம ஊர்ல கிளம்பறப்பவே வண்டி கனமா இருந்துச்சு."

அலோய்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அண்ணி."

"என்ன?"

"எடைமேடையில நான் ஒரு காலைத்தான் வச்சேன். இன்னொரு காலு வெளிய சிமென்ட் மேல இருந்துச்சு. பாரத்தை அதுல போட்டுட்டேன்."

சிரிப்பும் கூச்சலுமாக இருந்த அன்றைக்கு அவன் காலை யார் பார்த்தார்கள்?

"எதுக்குடா?" என்று லைனஸ்தான் கேட்டான்.

"எண்ணு ஏறிப்போச்சுன்னா வாங்கமாட்டேன்னு அண்ணி அந்த விமானம் விக்கற ஆள் முன்னாடி சொன்னாங்கல்ல. பசங்க ஆசையாக் காத்திருந்துச்சுங்க. நான் எப்படியும் வரப்போறதில்லையேன்னு..." குரல் இறங்கிப்போயிற்று. "வெள்ளிக்கிழமை அண்ணி திடீர்னு வான்னுட்டாங்க. அப்புறம் சொல்ல வாய் வரல."

அல்வினாவுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்கும், அழுகை வந்தாலும் சிவக்கும். அன்றைக்கு எது என்று அவளுக்கே தெரியவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"மடையா! இந்தத் தகரத்தை நான் யாருக்காக வாங்கினேன்னு நெனச்சே? அஞ்சு பேர்தான்னா உங்கண்ணன் பாத்த பளபளப்பு வண்டியிலயே எப்படியோ சமாளிச்சிருப்பேன். அதை வேணாம்னது உனக்காகத்தான். எடை கூடியிருந்தா இதைவிடப் பெருசாத் தேடியிருப்பேன். உன்ன விட்டுட்டு வர்றதுக்கு எனக்கு விமானமே வேணாம்!"

அலோய்ஸ் தொப்பியைச் சுற்றுவதை நிறுத்தினான். பிறகு அவன் சொன்னது அவனுக்கே உரியது. "சரி அண்ணி, நான் பஸ்ல வர்றேன். நீங்க கிளம்புங்க. கறவைக்கு நேரமாச்சு."

"பஸ்ஸா? வாயை மூடு."

மேற்கே மேகம் கட்டத் தொடங்கவில்லை இன்னும். அல்வினா ஒரு தடவை வானத்தைப் பார்த்தாள், முடிவுக்கு வந்துவிட்டாள். மலை இறங்கினால் சமவெளி விளிம்பில் ஒரு விமானத்தளம். அங்கே காற்று கனம். பாதிப் பேரை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பி வந்து மீதியை ஏற்றிப்போய், அங்கிருந்து எல்லோருமாக வீட்டுக்குப் போகலாம். நேரம் ஆகும், ஆகட்டும்.

"அப்ப மொதல்ல பசங்களைக் கூட்டிட்டுப் போங்க" என்றான் அலோய்ஸ்.

"நீதான் மொதல்ல. கடைசிக்கு விட்டா நான் திரும்பி வர்றதுக்குள்ள நீ பஸ் ஏறிடுவே, எனக்குத் தெரியாதா? ட்வைலா, நீயும் ஏறு. சித்தப்பாவைப் பாத்துக்க. அலோய்ஸ், முன்னாடி உக்காரு."

"முன்னாடி அண்ணன் இடம்."

"அண்ணன் நிக்கட்டும்."

லைனஸ் நின்றான். பீர் பெட்டி, கூழாங்கல், இரண்டு பிள்ளைகள், இவற்றோடு ஓடுபாதை ஓரத்தில் நின்றான்.

மேலே போனதும் அல்வினா கொஞ்ச நேரம் அலோய்ஸிடம் விமானத்தை ஓட்டுகிற பிடியைக் கொடுத்தாளாம். மாட்டு மடி பழகிய கை, நசுக்காமல் பிடித்துக்கொண்டான் என்றாள். வீட்டுக்கு வந்ததும் ட்வைலா எல்லோரிடமும், "சித்தப்பா அழுதாரு" என்றாள். "சூரியன் கண்ல பட்டுச்சு" என்றான் அவன். "சூரியன் தலைக்கு மேல இருந்துச்சு சித்தப்பா" என்றாள் அந்தப் பொல்லாத பெண்.

அந்தச் சமவெளித் தளத்திலிருந்து என் கொட்டகைத் தொலைபேசிக்கு அல்வினாவின் அழைப்பு வந்தது. பின்னால் இஞ்சின் சத்தம்.

"அண்ணே, இன்னிக்குச் சாயங்காலக் கறவையும் நீங்கதான்."

"பீரோக் தட்டுல இது இல்லையே! முடியாதுன்னா?"

"மாடுங்ககிட்ட சொல்லிப் பாருங்க. கேக்குதான்னு பாப்போம்." வைத்துவிட்டாள்.

சிவப்பு மாடு என்னை உதைத்தது. அலோய்ஸ் அந்த ஒன்றில் பொய் சொல்லவில்லை. திட்டிக்கொண்டே பாதி முடித்தபோது தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் லைனஸ் உள்ளே வந்தான். பூசைக்குப் போட்ட அதே உடுப்பு. ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த மெஷினை வாங்கிக்கொண்டான். அவன் அந்தக் கொட்டகையில் தனியாகக் கறந்து நான் பார்த்ததில்லை. சட்டை முழுக்கப் பால் தெறித்தது.

"அலோய்ஸ் எங்க?" என்றேன்.

"வீட்டுக்குள்ள. வரக் கூடாதுன்னுட்டேன்." அடுத்த மாட்டுக்கு நகர்ந்தான். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான். "அவன் ஜன்னல் வழியாக் கையசைச்சான் இசிடோர். நானும் அசைச்சேன். விமானம் போயிடுச்சு. அந்த இடத்துல ஒரு சத்தமும் இல்ல. திரும்பி வருவாங்கன்னு தெரியும், ஒன்றரை மணி நேரம்தான், ரெண்டு புள்ளைங்க வேற பக்கத்துல. அப்படியும் அவன் போன பக்கத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்யா. இவன் இத்தனை வருஷமா எங்க கார் போனப்புறம் தனியா நின்னானே, ஒரு தடவையாவது நான் திரும்பிப் பாத்திருப்பனா?"

சிவப்பு மாடு உதைக்கும், பார்த்துக்கொள் என்றேன்.

அந்தக் கோடையில் இன்னொரு தடவை அவர்கள் கிளம்பினார்கள், தெற்கே கடல் பார்க்க. நான் கறக்கத் தயாராகப் போனேன். என் உதவி தேவையில்லை என்று லைனஸ் சொல்லிவிட்டான். அவன் பழைய உடுப்பில், ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தான். அல்வினா இஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள், பிள்ளைகள் ஏறியாயிற்று. அலோய்ஸ் மட்டும் இறக்கைக்கு அடியில் பெட்டியைப் பிடித்தபடி தயங்கினான்.

"பால் கறக்க ஆள் வேணுமில்ல" என்றான்.

"அப்ப நான் ஆளில்லையாடா?" என்று கேட்டு, லைனஸ் அவன் பெட்டியைப் பிடுங்கி உள்ளே வைத்தான்.